வாக்கியத்துக்கு மரம் வரைவோம்! மாற்றிலக்கணம் கற்க இலவச வழிகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், கேம் விளையாடுகிறார்கள். இரண்டாவது மாதத்தில்தான் "படிப்புக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?" என்ற கேள்வி வருகிறது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பாடங்கள் எங்கே கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். இலக்கணம் படிக்கிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் குறைவு. அதிலும் எம்.ஏ. தமிழ், எம்.ஏ. ஆங்கிலம், மொழியியல் என்று படிக்கிறவர்களை மிரட்டும் ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் மாற்றிலக்கணம். ஆங்கிலத்தில் டிரான்ஸ்ஃபர்மேஷனல் கிராமர்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். இலக்கண ஆசிரியர் அல்ல. ஆனால் இந்த மாற்றிலக்கணத்தில் வருகிற மர வரைபடம் எனக்குப் பழக்கமானதுதான். இன்ஜினியரிங் படிப்பில் கம்பைலர் என்றொரு பாடம் உண்டு. நாம் எழுதும் புரோகிராமை கம்ப்யூட்டர் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறது என்று சொல்லும் பாடம் அது. அங்கேயும் இதே மரத்தைத்தான் வரைவோம். அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1956ல் எழுதிய ஒரு கட்டுரையில் இலக்கணங்களை வகை பிரித்தார். அந்த வகைப்பாட்டை இன்றும் கம்ப்யூட்டர் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆக, இலக்கணமும் கம்ப்யூட்டரும் தூரத்துச் சொந்தம் அல்ல, நெருங்கிய பங்காளிகள்.

இந்தக் கட்டுரையில் மாற்றிலக்கணம் என்றால் என்ன, அதைக் கற்க எந்தெந்த இடங்களில் இலவசமாகப் பாடம் கிடைக்கிறது, எப்படித் தேடுவது, கம்ப்யூட்டரில் மரம் வரைவது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாக்கியப் படம் மூன்று வகை

தேடத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். "சென்டன்ஸ் டயகிராம்" என்று தேடினால் மூன்று வேறு வேறு விஷயங்கள் கலந்து வரும்.

முதல் வகை, கோட்டுப் படம். அமெரிக்க ஆசிரியர்களான அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் இருவரும் 1877ல் வெளியிட்ட ஆங்கில இலக்கணப் புத்தகத்தால் பரவியது. ஒரு படுக்கைக் கோடு போடுவார்கள். அதை வெட்டிச் செல்லும் ஒரு செங்குத்துக் கோடு. அதன் இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் பயனிலை. பயனிலைக்கு அடுத்து, படுக்கைக் கோட்டை வெட்டாமல் அதன்மேல் நிற்கும் ஒரு சின்னக் கோடு. அதற்குப் பிறகு செயப்படுபொருள். அடைமொழிகள் எல்லாம் சாய்கோட்டில் கீழே தொங்கும். பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க இது நல்ல வழி. ஆனால் இது மாற்றிலக்கணம் அல்ல.

இரண்டாவது வகை, மர வரைபடம். தலைகீழாக நிற்கும் மரம். மேலே வாக்கியம், அதிலிருந்து கிளைகள், நுனியில் சொற்கள். மாற்றிலக்கணத்துக்கு வேண்டியது இதுதான்.

மூன்றாவது வகை, அம்புக்குறிப் படம். ஒரு சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்று அம்பு போட்டுக் காட்டுவது. பிரெஞ்சு அறிஞர் லூசியன் தெனியேர் வகுத்த முறை இதற்கு அடிப்படை. அவருடைய பெரிய நூல் 1959ல் வெளிவந்தது. இன்றைய மொழிக் கணினியியலில் இந்த வகை அதிகம் பயன்படுகிறது.

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேர்வுக்கு மர வரைபடம் வேண்டியவர் கோட்டுப் பட வீடியோக்களில் நேரத்தைப் போக்கினால் பலன் இல்லை.

மாற்றிலக்கணம் என்ன சொல்கிறது?

1957ல் சாம்ஸ்கி எழுதிய "சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்" என்ற சிறிய புத்தகம் இந்த முறையை உலகுக்கு அறிமுகம் செய்தது. 1965ல் வந்த அடுத்த நூலில் அவர் அதை விரிவாக்கினார். சாரம் இவ்வளவுதான். ஒரு மொழியில் வாக்கியங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அவற்றை உண்டாக்கும் விதிகள் கணக்கில் அடங்கும். அந்த விதிகளைக் கண்டுபிடிப்பதுதான் இலக்கணத்தின் வேலை.

எங்கள் பக்கத்துச் சமையலறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

அம்மா மரச்சீனி அவித்தாள்.

இதை உண்டாக்க இரண்டே விதிகள் போதும்.

விதி 1: வாக்கியம் = பெயர்த்தொடர் + வினைத்தொடர்
விதி 2: வினைத்தொடர் = பெயர்த்தொடர் + வினை

"அம்மா" முதல் பெயர்த்தொடர். "மரச்சீனி அவித்தாள்" வினைத்தொடர். அதற்குள் "மரச்சீனி" இன்னொரு பெயர்த்தொடர், "அவித்தாள்" வினை. இவற்றுக்குத் தொடரமைப்பு விதிகள் என்று பெயர்.

ஆங்கிலப் புத்தகத்தில் விதி 2 மாறி இருக்கும். அங்கே வினை முதலில் வரும், பெயர்த்தொடர் பின்னால் வரும். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கில வாக்கியங்களை வைத்தே எழுதப்பட்டவை. அவற்றின் மரத்தை அப்படியே தமிழுக்குப் போட்டால் கிளை இடம் மாறிவிடும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது மாற்று விதி. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

அம்மா மரச்சீனி அவித்தாள்.
நான் மரச்சீனியைத் தின்றேன்.

இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வோம்? "அம்மா அவித்த மரச்சீனியை நான் தின்றேன்."

என்ன நடந்தது? இரண்டு முறை வந்த "மரச்சீனி"யில் ஒன்று மறைந்தது. "அவித்தாள்" தன் விகுதியை விட்டு "அவித்த" என்று பெயரெச்சம் ஆனது. முதல் வாக்கியம் முழுவதும் இரண்டாவது வாக்கியத்தின் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. நீக்கம், மாற்றம், பொதிவு. இதைத்தான் மாற்று விதி என்கிறார்கள். மாறுவதற்கு முன் உள்ள அமைப்பு புதைநிலை. மாறிய பின் நாம் வாயால் சொல்வது புறநிலை.

இன்னொரு வேடிக்கை பாருங்கள்.

மரச்சீனி அவித்த அம்மா
மரச்சீனி அவித்த பானை
மரச்சீனி அவித்த அடுப்படி
மரச்சீனி அவித்த நாள்

மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒரே மாதிரி. ஆனால் அம்மா அவித்தவள். பானை கருவி. அடுப்படி இடம். நாள் காலம். புறநிலை ஒன்று, புதைநிலை நான்கு! 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலிலேயே இது இருக்கிறது. பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று அவர் கணக்குச் சொல்லிவிட்டார். மேலே உள்ள நான்கோடு செயப்படுபொருளும் செயலும் சேர்ந்தால் ஆறு. பள்ளியில் மனப்பாடம் செய்த நூற்பா இப்போது புது வெளிச்சத்தில் தெரிகிறது அல்லவா?

என் சித்தி மகள் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். இந்த நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக விரித்து எழுதச் சொன்னேன். "பானையில் மரச்சீனி அவித்தாள், அடுப்படியில் மரச்சீனி அவித்தாள்" என்று எழுதிக்கொண்டே வந்தவள், "அண்ணா, இதுக்கா நாங்க நாலு பக்கம் மனப்பாடம் பண்ணுனோம்?" என்று கேட்டாள். பாடக்குறிப்பில் இருந்தது தவறில்லை. அதில் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்கள் செய்த வேலை

இந்தப் பாடம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது.

ச. அகத்தியலிங்கம் (1929-2008) நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். தமிழ்த் தொடரமைப்பை ஆக்கமுறை இலக்கண வழியில் விளக்கும் அவரது ஆங்கில நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1967ல் வெளியிட்டது. சாம்ஸ்கியின் முதல் நூல் வெளிவந்து பத்தே ஆண்டுகளில் தமிழுக்கு அந்த முறையில் ஒரு நூல் வந்துவிட்டது! பின்னாளில் அவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அதே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம் (1926-2009). நாகர்கோவில் வடசேரிக்காரர். அவரும் இந்தியானாவில் மொழியியல் படித்தவர். 1971ல் திராவிட மொழியியல் கழகத்தையும் பிறகு பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியையும் திருவனந்தபுரத்தில் உருவாக்கினார். அந்தப் பள்ளி இருக்கும் மேனங்குளம், கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலிருந்து அதிகத் தூரம் இல்லை. நம் மாவட்டத்திலிருந்து டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிற எத்தனையோ இளைஞர்களுக்கு, பக்கத்திலேயே வடசேரிக்காரர் ஒருவர் உண்டாக்கிய மொழியியல் பள்ளி இருப்பது தெரியாது.

தேடும்போது இந்தப் பெயர்கள் உதவும். வெறுமனே "மாற்றிலக்கணம்" என்று தேடுவதைவிட, ஆசிரியர் பெயரோடு சேர்த்துத் தேடினால் சரியான புத்தகம் சீக்கிரம் வரும். இன்னும் சில பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* கி. அரங்கன் எழுதிய "தொடரியல்: மாற்றிலக்கண அணுகுமுறை". தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடு. தமிழிலேயே இந்தப் பாடத்தைப் படிக்க விரும்புவோர் முதலில் தேட வேண்டியது.
* முத்துச்சண்முகன் எழுதிய "இக்கால மொழியியல்" (1971). மொழியியல் அடிப்படைகளுக்கு.
* எம்.ஏ. நுஃமான் எழுதிய "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" (1999). இலங்கைப் பேராசிரியர். இக்காலத் தமிழ் வாக்கியங்களை எளிமையாக விளக்குகிறார்.
* தாமஸ் லேமன் ஆங்கிலத்தில் எழுதிய இக்காலத் தமிழ் இலக்கணம் (1989). புதுச்சேரியில் வெளியானது. இது மாற்றிலக்கண நூல் அல்ல. ஆனால் பயிற்சிக்கு வேண்டிய தமிழ் வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன.

தேடுவது எப்படி?

பிரவுசரைத் திறந்து கூகுள் பக்கத்துக்குப் போங்கள். பிறகு கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லையா? கவலை வேண்டாம். தேடல் கட்டத்தில் மைக் படம் இருக்கும். அதைக் கிளிக் செய்து "டிரான்ஸ்ஃபர்மேஷனல் கிராமர்" என்று வாயால் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் மைக் இல்லாவிட்டால் மொபைலில் செய்யலாம். சரியான ஸ்பெல்லிங் திரையில் வரும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. அதுபோலவே "ஜெனரேட்டிவ் சின்டாக்ஸ்", "ஃப்ரேஸ் ஸ்ட்ரக்சர் ரூல்ஸ்", "ட்ரீ டயகிராம்" ஆகிய சொற்களையும் தேடுங்கள். கடந்த சில பத்தாண்டுகளில் வந்த பாடங்களில் "டிரான்ஸ்ஃபர்மேஷனல்" என்ற சொல் தலைப்பில் அதிகம் இருக்காது. "சின்டாக்ஸ்" என்ற சொல்தான் இருக்கும். பழைய பெயரை மட்டும் தேடினால் பழைய பாடம் மட்டுமே கிடைக்கும்.

3. இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமா? அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்யுங்கள். புத்தகத் தலைப்பைத் தேட இது மிகவும் பயன்படும்.

4. பிடிஎஃப் ஃபைல் மட்டும் வேண்டுமானால், தேடும் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, "ஃபைல்டைப்" என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் டைப் செய்து, முக்காற்புள்ளி போட்டு, "பிடிஎஃப்" என்று டைப் செய்யுங்கள். ஃபைல்டைப், முக்காற்புள்ளி, பிடிஎஃப் மூன்றுக்கும் நடுவில் இடைவெளி கூடாது.

5. ஃபைலைத் திறந்ததும் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் தட்டுங்கள். ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் வேண்டிய சொல்லை டைப் செய்தால் அது வரும் இடத்துக்கே போகலாம். முந்நூறு பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.

தமிழ்ப் புத்தகங்களில் இந்தக் கடைசி வழி சில நேரம் வேலை செய்யாது. காரணம் இரண்டு. ஒன்று, புத்தகத்தைப் படம் எடுத்து ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். படத்தில் எழுத்தைத் தேட முடியாது. மற்றொன்று, யூனிகோடு பரவுவதற்கு முன் டைப் செய்த ஃபைலாக இருக்கும். அதில் பழைய ஃபாண்ட் பயன்படுத்தியிருப்பார்கள். திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு. இப்படிப்பட்ட ஃபைல்களில் பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்க எண்ணுக்குப் போவதுதான் சுருக்கு வழி.

எங்கே என்ன கிடைக்கும்?

ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்: காப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் இங்கே இலவசம். ரீட், கெல்லாக் இருவரின் ஆங்கில இலக்கண நூல்கள் உள்ளன. கோட்டுப் படம் கற்க விரும்பும் ஆங்கில மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கோடுகள் சரியாகத் தெரிய வேண்டும் என்பதால், அதே நூல்களின் ஸ்கேன் பிரதிகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பாடநூல்: பியாட்ரிஸ் சான்டோரினி, ஆன்டனி குரோச் இருவரும் எழுதிய "த சின்டாக்ஸ் ஆஃப் நேச்சுரல் லாங்குவேஜ்". முழுப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மரம் வரைவதை முதல் படியிலிருந்து சொல்லித் தருகிறது. பயிற்சிகளும் உண்டு. நான் ஒரே ஒரு பாடநூலைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர்: சாம்ஸ்கி 1955 முதல் பல பத்தாண்டுகள் பணியாற்றிய நிறுவனம் எம்.ஐ.டி. அங்கு நடத்தப்படும் மொழியியல் அறிமுகப் பாடத்தின் எண் 24.900. பாடக்குறிப்புகளையும் வீட்டுப் பாடங்களையும் பணம் கட்டாமல் டவுன்லோட் செய்யலாம்.

என்.பி.டி.இ.எல்.: நம் நாட்டு ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் வீடியோ பாடங்கள். மொழியியல் பாடங்களும் இதில் உண்டு. இந்திய ஆசிரியர்களின் ஆங்கிலம் நம் காதுக்குப் பழக்கமானது. யூடியூபில் பார்க்கும்போது வேகத்தைக் குறைத்தும் பார்க்கலாம்.

ஷோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சேர்த்து வைக்கப்பட்ட இடம். தமிழ்த் தொடரியல் பற்றிய ஆய்வேடுகளை இங்கே தேடலாம். ஒவ்வோர் இயலும் தனித்தனி பிடிஎஃப் ஆக இருக்கும். முன்னுரை இயலை முதலில் இறக்குங்கள். அதில் அந்தத் துறையில் அதுவரை யார் யார் என்ன எழுதினார்கள் என்ற பட்டியல் இருக்கும். அடுத்து எதைத் தேடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம்: 2001ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது. தமிழ் இலக்கணப் பாடங்களும் இலக்கண நூல்களும் உரைகளும் இங்கே உள்ளன. இதன் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய நூல்கள் ஏராளம்.

இவற்றில் கிடைக்காத புத்தகத்துக்கு வீட்டுக்கு அருகில் உள்ள கல்லூரி நூலகத்தையும் மாவட்ட மைய நூலகத்தையும் மறக்காதீர்கள். இணையத்தில் கண்டுபிடித்த தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போனால் நூலகரின் வேலை சுலபம்.

மரம் வரையும் கருவி

பெயின்ட் புரோகிராமில் கோடு கோடாக இழுத்து மரம் வரையலாம். ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் எல்லாவற்றையும் அழித்துப் போட வேண்டும். அதற்கென்றே கருவி இருக்கிறது. "சின்டாக்ஸ் ட்ரீ ஜெனரேட்டர்" என்று தேடுங்கள். மைல்ஸ் ஷாங் என்பவர் செய்த இலவசக் கருவி வரும். இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரிலேயே வேலை செய்யும்.

அங்கே ஒரு கட்டத்தில் சதுர அடைப்புக்குறிகளோடு ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கும். அதை அழித்துவிட்டு இதை டைப் செய்யுங்கள்.

[வாக்கியம் [பெதொ அம்மா] [விதொ [பெதொ மரச்சீனி] [வினை அவித்தாள்]]]

பெதொ என்றால் பெயர்த்தொடர், விதொ என்றால் வினைத்தொடர். டைப் செய்யச் செய்ய மரம் தானாக உருவாகும். விதி எளிது. திறக்கும் ஒவ்வோர் அடைப்புக்குறியும் ஒரு கிளை. அடைப்புக்குறியை அடுத்து வரும் முதல் சொல் கிளையின் பெயர். திறந்ததை எல்லாம் மூட வேண்டும். எத்தனை திறந்தீர்களோ அத்தனை மூடியிருக்கிறீர்களா என்று எண்ணிப் பாருங்கள். மரம் வராவிட்டால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் விட்டுப்போன ஓர் அடைப்புக்குறிதான்.

மரம் வந்ததும் அதன்மேல் மவுஸை வைத்து வலது பட்டனைக் கிளிக் செய்து படமாகச் சேமியுங்கள். பிறகு வேர்டு ஃபைலில் ஒட்டிக்கொள்ளலாம். தமிழ் எழுத்து சரியாக வராவிட்டால் அங்கே உள்ள ஃபாண்ட் தேர்வை மாற்றிப் பாருங்கள்.

தமிழில் டைப் செய்ய விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் போய் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

பயிற்சி 1: "பழைய பஸ் ஸ்டாண்டு கடை". பழையது எது? பஸ் ஸ்டாண்டா, கடையா? இரண்டு பொருளுக்கும் இரண்டு மரம் போடுங்கள். ஒன்றில் "பழைய பஸ் ஸ்டாண்டு" ஒரு கிளையில் சேர்ந்து நிற்கும். மற்றதில் "பஸ் ஸ்டாண்டு கடை" ஒரு கிளையில் நிற்கும்.

பயிற்சி 2: "தோவாளையில் பூ வாங்கிய அக்காவைப் பார்த்தேன்." அக்கா பூ வாங்கியது தோவாளையிலா, நான் அக்காவைப் பார்த்தது தோவாளையிலா? "தோவாளையில்" என்ற சொல் ஒரு மரத்தில் "வாங்கிய" என்பதன் கிளையிலும் இன்னொன்றில் "பார்த்தேன்" என்பதன் கிளையிலும் தொங்க வேண்டும்.

பயிற்சி 3: இரண்டாவது வாக்கியத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். உங்கள் இரண்டு மரங்களில் எதை அது எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். மற்றப் பொருள் இருப்பதாக அது சொல்கிறதா?

இந்த மூன்றையும் செய்து முடித்தால் மரம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சொற்கள் அதே சொற்கள், வரிசை அதே வரிசை. பொருள் மட்டும் இரண்டு. அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுவதுதான் மரம்.

கவனிக்க வேண்டிய மூன்று

ஆண்டைப் பாருங்கள்: சாம்ஸ்கி தன் கொள்கையைப் பல முறை மாற்றினார். 1957, 1965, 1981, 1995 ஆண்டுகளில் வந்த அவரது நூல்களில் ஒவ்வொன்றிலும் ஓர் அடுக்கு மாறுகிறது. 1965ல் முக்கியமாக இருந்த புதைநிலை அமைப்பு 1995ல் கைவிடப்பட்டது. இரண்டு புத்தகங்கள் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசினால் பதற வேண்டாம். வெளியான ஆண்டைப் பாருங்கள். உங்கள் பாடத்திட்டம் எந்தக் காலத்துக் கொள்கையைக் கேட்கிறதோ அந்தக் காலத்துப் புத்தகத்தைப் படியுங்கள்.

டவுன்லோட் பட்டன்: "இலவச பிடிஎஃப்" என்று பெரிய பச்சை பட்டன் காட்டும் எல்லா இடத்தையும் நம்பாதீர்கள். அதில் பல விளம்பரங்கள். சில வைரஸ். இறங்கிய ஃபைலின் பெயர் "இஎக்ஸ்இ" என்று முடிந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். புத்தகம் ஒருபோதும் அப்படி முடியாது.

ஏ.ஐ. உதவியாளர்கள்: இப்போது சாட் செய்யும் ஏ.ஐ. கருவிகளிடம் மரம் வரையக் கேட்கலாம். சந்தேகம் தீர்க்க நல்ல துணை. ஆனால் தவறான மரத்தையும் அதே தைரியத்தோடு தரும். பயிற்சி 2ஐ நீங்களே செய்த பிறகு அதனிடம் கேளுங்கள். உங்கள் விடையை வைத்து அதற்கு மார்க் போடுங்கள். அதன் விடையை வைத்து உங்களுக்கு மார்க் போடாதீர்கள்.

தமிழுக்கு மரம் போதவில்லை

கடைசியாக, தேர்வைத் தாண்டிய ஒரு விஷயம். கம்ப்யூட்டருக்கு வாக்கிய அமைப்பைக் கற்றுக்கொடுக்க, மனிதர்கள் கையால் பிரித்துக் குறித்த வாக்கியங்களின் தொகுப்பு வேண்டும். அதை மரவங்கி என்பார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே முறையில் மரவங்கி அமைக்கும் யுனிவர்சல் டிபென்டன்சீஸ் என்ற திட்டம் 2014 முதல் நடக்கிறது. மேலே சொன்ன அம்புக்குறிப் படம்தான் அங்கே பயன்படுகிறது. யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து பார்க்கலாம்.

அதில் ஆங்கிலத்தின் ஒரு தொகுப்பில் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கின்றன. தமிழுக்கு? செக் நாட்டுப் பிராக் நகரின் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தொகுப்பில் 600 வாக்கியங்கள். பின்னர் வந்த இன்னொரு தொகுப்பில் ஐந்நூற்றுச் சொச்சம். அந்த இரண்டாவது தொகுப்பின் வாக்கியங்கள் பெரும்பாலும் மேலே சொன்ன லேமன் இலக்கண நூலிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஏ.ஐ. கருவிகள் மரவங்கி இல்லாமலேயே கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துத் தமிழ் பேசக் கற்றுக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவை சரியாகப் பிரித்தனவா என்று சோதிக்க, மனிதர் போட்ட சரியான மரம் வேண்டும். விடைத்தாள் திருத்த விடைக்குறிப்பு வேண்டும் அல்லவா, அதுபோல. அந்த விடைக்குறிப்பை எழுத, புரோகிராம் தெரிந்தவன் மட்டும் போதாது. என்னைப் போன்றவர்களுக்கு அடைப்புக்குறி தெரியும், நன்னூல் தெரியாது. "மரச்சீனி அவித்த பானை" என்றால் பானை கருவி என்று உடனே சொல்லத் தெரிந்தவர்கள் தமிழ் மாணவர்கள்தான்.

எனவே தமிழ் படிக்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், இந்த எண்களைச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஐந்து வாக்கியம் என்று வைத்துக்கொண்டு இன்றே தொடங்குங்கள். தினத்தாளில் வரும் வாக்கியம், பஸ்ஸில் காதில் விழுந்த வாக்கியம், எதுவானாலும் சரி. மரம் போட்டு "மரங்கள்" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். ஆறு மாதத்தில் நூற்றைத் தாண்டிவிடும். அதற்குள் மாற்றிலக்கணம் உங்களை மிரட்டுவதை நிறுத்தியிருக்கும்.